சூழல் அமைத்தல்

நம் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் சொற்களை யாராவது எண்ணினால் 'சூழல்' முன்வரிசையில் நிற்கும் என்று நினைக்கிறேன். 'தமிழ்ச் சூழலில்' என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் அது அநேகமாகப் புகாரில்தான் போய் முடியும். விமர்சனம் இல்லை, வாசகன் இல்லை, நல்ல பதிப்பு இல்லை, காரணம் சூழல். நானும் இப்படி நிறைய எழுதியிருக்கிறேன். இந்தப் பிரயோகத்தில் ஒரு சௌகரியம் உண்டு. சூழல் என்பது எப்போதும் மற்றவர்கள்தான்.

கடந்த ஆண்டு இதே சொல்லை வேறு அர்த்தத்தில் புழங்குகிறவர்களோடு எனக்குப் பரிச்சயம் ஏற்பட்டது. நேரில் அல்ல, அவர்கள் எழுதிவைத்திருக்கும் குறிப்புகளின் வழியாக. மென்பொருள் எழுதுகிறவர்களுக்குச் சூழல் என்பது தன் கணினியில் தானே அமைத்துக்கொள்ள வேண்டிய ஒரு காரியம். எந்த மொழி, அதன் எந்தப் பதிப்பு, எந்தெந்தத் துணைநூல்கள், எந்த அடைவில், எந்த வரிசையில் என்று ஒவ்வொன்றாக வைத்துக் கட்ட வேண்டும். சரியாக வராவிட்டால் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டலாம். அழிப்பதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

நான் அங்கே போனது மென்பொருள் ஆர்வத்தால் அல்ல. இறந்துபோன ஒரு நண்பரின் கவிதைகளைத் தொகுக்க வேண்டியிருந்தது.

நண்பர் நாமக்கல்லில், பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு தெருவில் டிடிபி கடை வைத்திருந்தார். கோழித் தீவனக் கடைகளின் பில் புத்தகம், லாரி பாடி கட்டும் பட்டறைகளின் விசிட்டிங் கார்டு, திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களின் நோட்டீஸ், காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி. இவற்றின் நடுவே கவிதைகள். தட்டெழுத்துப் பயிலகத்தில் தமிழ் ஹையர் முடித்தவர். விரல்கள் பழகிப்போனதால் கடைசிவரை பாமினி எழுத்துருவில்தான் அடித்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் 'அண்ணா' என்பேன்; அவர் என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டாலும் மரியாதைப் பன்மையை விட்டதில்லை. 2021-இல் இறந்தார். கடையைக் காலிசெய்தபோது அவர் மனைவி ஒரு ஹார்ட் டிஸ்க்கை மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார்.

"இதுலதான் எல்லாம் இருக்குதுன்னு சொல்வாருங்க. நமக்கு ஒண்ணும் புரியறதில்லீங்க தம்பி. நீங்க பாத்து என்ன பண்றதோ பண்ணுங்க."

திறந்து பார்த்தபோது எனக்கும் புரியவில்லை. எல்லாம் ஆங்கில எழுத்துகளின் குவியல். எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று ஐந்து குறிகள் ஒரு வரியில் தனியாக நின்றன. அது 'அம்மா' என்பது பிறகு தெரிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த முத்தையா 1930-களில் தமிழ்த் தட்டெழுத்துப் பொறிக்கு ஒரு விசைப்பலகையை வகுத்தார். பாமினி போன்ற எழுத்துருக்கள் அந்த மரபின் விரல்பழக்கத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தன. கொண்டுவந்த முறை ஒரு தந்திரம். கணினிக்குத் தமிழ் தெரியாது. அதற்குத் தெரிந்த ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிடுவது. ஆங்கில எம் இருக்கும் இடத்தில் 'அ', கே இருக்கும் இடத்தில் 'ம', காற்புள்ளி இருக்கும் இடத்தில் 'இ', அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி. கோப்பில் பதிவாவது ஆங்கிலக் குறிதான். தமிழ் என்பது மேலே போர்த்திய உருவம். ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தனித்தனியாக இப்படி ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களைத் தரப்படுத்திப் பார்த்தார்கள். ஒருங்குறியில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தது என்றாலும் தமிழக அரசு அதைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010-இல்தான். அதற்குள் டிடிபி கடைகளில் ஒரு தலைமுறையின் எழுத்து ஆங்கிலக் குறிகளாகச் சேர்ந்துவிட்டது.

எழுத்துருவைக் கணினியில் நிறுவிக்கொண்டால் திரையில் படிக்க முடியும். ஆனால் தேட முடியாது, எண்ண முடியாது, இன்னொருவருக்கு அனுப்பினால் அங்கே மறுபடி குவியல். தொகுப்பு என்று வந்தால் ஒருங்குறிக்கு மாற்றியே ஆகவேண்டும். மாற்றித் தரும் நிரல்கள் இருக்கின்றன. அட்டவணையைப் பார்த்துக் குறிக்குக் குறி மாற்றிவிடும். வேலை ஒரு நிமிஷம். ஆனால் எழுத்துருப் பெயர் இல்லாத வெறும் உரையாகக் கொடுத்தால், எது தமிழாக அடித்தது, எது ஆங்கிலமாகவே அடித்தது என்று அதற்குத் தெரிய வழியில்லை. 'ஆயிரம்' என்பதை எண்ணால் எழுதிக் காற்புள்ளி போட்டிருந்தால் அது '1இ000' என்று வரும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி வெளியான செய்திகளில் இந்த 'இ'யைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

நான் அதைவிடப் பெரிய ஒன்றைப் பார்த்துவிட்டு, அது என்னவென்று தெரியாமல் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருந்தேன்.

2014-இல் நண்பரின் ஐந்து கவிதைகள் ஒரு சிற்றிதழில் வந்தன. அதில் ஒன்று இப்படித் தொடங்கும்:

தீவன மூட்டை
50 மப
வானம் பார்த்து
வாசலில் கிடக்கிறது

அப்போது எனக்கு வயது இருபத்தைந்து. பி.ஏ. ஆங்கிலம் படித்தவன், எலியட்டையும் எம்ப்ஸனையும் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் படித்துவிட்டு, வங்கிக் கவுன்ட்டரில் நகைக்கடன் படிவங்களுக்கு நடுவே கவிதையின் பன்முக அர்த்தங்களைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவன். இந்த 'மப' என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் மழைக்கு முன் வானம் மூடிக் கிடப்பதை 'மப்பு' என்பார்கள். கவிஞன் அந்தச் சொல்லை நடுவில் ஒடித்துவிட்டான், ஒற்றும் உகரமும் இறங்காமல் நிற்கின்றன, இறங்காத மழையைச் சொல்லின் உடலிலேயே காட்டிவிட்டான் என்று எழுதினேன். எண்ணும் மேகமும் மோதுகிற இடம் என்றும் ஒரு வரி. இரண்டு முழுப் பத்திகள். அந்தக் கட்டுரையை நாலு பேர் பாராட்டினார்கள். நான் விமர்சகன் என்று அறியப்பட்டதில் அந்த இரண்டு பத்திகளுக்குப் பங்கு உண்டு.

பாமினியை நிறுவிக்கொண்டு நண்பரின் 2013-ஆம் ஆண்டுக் கோப்பைத் திறந்தேன். தீவன மூட்டை. அடுத்த வரியில் 50, பக்கத்தில் ஆங்கிலத்தில், வேறு எழுத்துருவில், கே, ஜி என்று இரண்டு சிறிய எழுத்துகள்.

ஐம்பது கிலோ. அவ்வளவுதான். பாமினியில் கே என்பது 'ம', ஜி என்பது 'ப'. வெறும் உரையாக ஒட்டி மாற்றியபோது கிலோ 'மப' ஆகிவிட்டது. கோழிப் பண்ணைக்காரர்கள் நிறைந்த ஊரில் தினமும் பத்து பில் அடிக்கிற மனிதர், பில்லில் அடிப்பதுபோலவே கவிதையிலும் அடித்திருக்கிறார். அந்த வறட்சிதான் அந்த வரியின் பலம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் இதையும் நான் இப்போது தயங்காமல் சொல்லக்கூடாது.

கட்டுரை வந்தபோது அவர் சொன்னது நினைவிருக்கிறது. "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. எனக்கே தெரியாத எடமெல்லாம் காட்டியிருக்கீங்க." நான் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்குப் பிறகு கோப்புகளைச் சும்மா மாற்றி அச்சுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. நூற்றுச் சொச்சம் கவிதைகள். ஒவ்வொன்றுக்கும் 'புதுசு', 'புதுசு 2', 'கடைசி', 'கடைசி சரி' என்று பிரதிகள். எந்த இடத்தில் எழுத்துரு மாறுகிறது என்று கேட்டு, பாமினியில் உள்ளதை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே விட்டு, பிறகு பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். கண்ணால் செய்தால் நான் பார்க்க விரும்புவதைத்தான் பார்ப்பேன் என்பது ஏற்கனவே நிரூபணமாகிவிட்டது.

'ஓப்பன் தமிழ்' என்று ஒரு திறமூல நிரல்தொகுப்பு இருக்கிறது. பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. தமிழிலேயே நிரல் எழுதுவதற்கு 'எழில்' என்ற கணினிமொழியை உருவாக்கி 2009-இல் அதைப் பற்றி ஆய்வுத்தாள் வெளியிட்ட முத்து அண்ணாமலையும் அவரோடு சேர்ந்தவர்களும் வளர்த்தது. ஒருங்குறியில் 'தமிழ்' என்ற சொல் கணினிக்கு ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. நமக்கு மூன்று எழுத்து. இந்த ஐந்தை மூன்றாகப் பிரித்துச் சொல்வதுதான் அந்தத் தொகுப்பின் அடிப்படைக் காரியம். அதற்குள்ளேயே பழைய எழுத்துருக்களை ஒருங்குறிக்கு மாற்றும் பகுதியும் இருக்கிறது. யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். நான் பிரித்துப் பார்க்கப் போனேன்.

என்னுடையது பழைய மடிக்கணினி. அதில் டெபியன் போட்டிருந்தேன். வங்கியின் கணினியில் ஓர் எழுத்துருவைக்கூட நான் நிறுவ முடியாது. மக்கள் பணம் இருக்கும் இடத்தில் அது சரியும்தான். வீட்டில் அந்தத் தடை இல்லை என்று நினைத்தேன். ஆனால் முதல் கட்டளைக்கே மறுப்பு வந்தது. டெபியனின் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, இயங்குதளத்துக்குச் சொந்தமான பைத்தானில் வெளித் துணைநூல்களைக் கலக்க விடுவதில்லை. வேண்டுமானால் உனக்கென்று ஒரு மெய்நிகர் சூழலை அமைத்துக்கொள் என்கிறது. பொதுச் சொத்தைக் குலைக்காமல் உன் பரிசோதனையை உன் அறைக்குள் வைத்துக்கொள் என்று அர்த்தம்.

அமைத்தேன். ஓர் அடைவு, அதற்குள் தனியாக ஒரு பைத்தான். கிட் என்னும் கருவியால் தொகுப்பின் மொத்தப் பிரதியையும் இறக்கினேன். இறங்கியது நிரல் மட்டும் அல்ல, அதன் சரித்திரமும். எந்த வரியை யார் எந்தத் தேதியில் மாற்றினார்கள், எதற்காக என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு இருக்கிறது. பிறகு அதைச் சூழலோடு பிணைத்து, சோதனைகளை ஓட்டினேன். ஓடவில்லை. துணைநூல் இல்லை என்றது. இப்போதுதானே வைத்தேன் என்று அரை மணிநேரம் தேடினேன். நான் புதிதாக ஒரு முனையத்தைத் திறந்திருந்தேன். அதில் சூழலை உயிர்ப்பிக்க மறந்துவிட்டேன். தப்பு என்னுடையது. இரண்டு ராத்திரிகளில் இதே தப்பை மூன்று தடவை செய்தேன்.

சேலம் அம்மாப்பேட்டையில் என் அப்பா கைத்தறி நெய்தார். சிறுவயதில் பாவடிக்கு விடியற்காலையில் என்னையும் எழுப்பிக் கூட்டிப்போவார். தெரு நீளத்துக்குப் பாவை விரித்துக் கஞ்சி போட்டு, அறுந்த இழையைத் தேடி முடிந்து, காய்வதற்குள் சுருட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து பழைய பாவின் நுனியோடு புதியதை இழைக்கு இழை பிணைக்க வேண்டும். இதில் ஒரு முழம்கூட நெய்திருக்க மாட்டார்கள். கூலியும் நெய்த சேலைக்குத்தான். ஆனாலும் அப்பா அந்த நாளை வீணான நாள் என்று சொல்லிக் கேட்டதில்லை. மூன்றாம் நாள் ராத்திரி முனையத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, எழுத்துக்காரனாகிய நான் இந்தப் பாவடி வேலையை எந்நாளும் செய்ததில்லை என்று பட்டது. நேராக நாடாவைக் கையில் எடுத்துவிட்டேன்.

சோதனைகள் ஓடும்போது, ஒவ்வொன்றும் தேறத் தேறத் திரையில் ஒரு புள்ளி விழும். பிழையானால் புள்ளிக்குப் பதிலாக ஓர் ஆங்கில எழுத்து. கடைசியில் அன்று வரிசையாகப் புள்ளிகள் விழுந்தன. மாலையில் கணக்கு முடிக்கும்போது வரவும் செலவும் ஒத்துக்கொள்ளும் நிம்மதி எனக்குத் தெரியும். இதுவும் அந்த மாதிரிதான். தொகுப்பில் உள்ள சோதனை ஒவ்வொன்றும் ஒரு வாக்குறுதி: இந்தச் சொல்லைக் கொடுத்தால் இந்த எழுத்துகள் வரவேண்டும். யாரோ முன்பே உட்கார்ந்து, தான் எங்கெல்லாம் தப்புசெய்யக்கூடும் என்று யோசித்து எழுதிவைத்தது. விமர்சனக் கட்டுரைக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால் 'மப' தேறியிருக்காது. மூலக் கோப்பைப் பார்த்தாயா என்ற ஒரு கேள்வி போதும். நண்பரின் கடை என் வங்கியிலிருந்து பத்து நிமிஷ நடை.

நண்பரின் கோப்புகளை லிப்ரே ஆபீஸில் திறந்து அதன் வடிவத்தில் சேமித்தால் அது உண்மையில் ஒரு பொட்டலம். பிரித்தால் உள்ளே உரை, எழுத்துருப் பெயர்களோடு, வெறும் எழுத்தாகவே கிடக்கிறது. அதைப் படித்து, பாமினி என்று பெயர் உள்ள துண்டை மட்டும் மாற்றிக்கு அனுப்ப நாற்பது வரிகளில் ஒரு நிரல் எழுதினேன். அழகான நிரல் அல்ல. மற்றவர்களுக்கு அனுப்பும் தகுதி இன்னும் அதற்கு வரவில்லை. ஆனால் அதற்கும் சோதனை எழுதினேன். முதல் சோதனை: 2013 கோப்பில் கே, ஜி என்பது கே, ஜி என்றே வரவேண்டும். புள்ளி விழுந்தது.

பிறகு பிரதிகளை ஒப்பிட்டேன். கிட்டில் அதற்கு வசதி உண்டு. எடுத்த வரி கழித்தல் குறியோடும் வைத்த வரி கூட்டல் குறியோடும் வரும். அபிப்பிராயம் எதுவும் இருக்காது. தீவன மூட்டைக் கவிதைக்கு 2016-ஆம் ஆண்டில் சேமித்த 'கடைசி சரி' என்ற பிரதி ஒன்று இருந்தது. அதற்கும் 2013-க்கும் ஒரே ஒரு வரி வித்தியாசம். கழித்தலில் ஐம்பது, ஆங்கிலத்தில் கே, ஜி. கூட்டலில்,

50 மப

என் நிரல் தவறிவிட்டது என்று நினைத்துக் கோப்பை நேராகத் திறந்து பார்த்தேன். தவறவில்லை. கோப்பில் குறிகள் மாறவில்லை. அதே கே, அதே ஜி. எழுத்துருவின் பெயர் மட்டும் மாறியிருந்தது. அந்த இரண்டு எழுத்துக்கும் பாமினி போடப்பட்டிருந்தது. என் கட்டுரை வந்து இரண்டு வருஷம் கழித்து.

இதற்கு இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. ஒன்று, டிடிபிக்காரர்களின் வழக்கமான கைப்பழக்கம்: முழுப் பக்கத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே எழுத்துருவைப் போட்டுவிடுவது. அந்தக் கவிதையில் வேறு ஆங்கில எழுத்தே கிடையாது. அதனால் வேறெதுவும் கெட்டிருக்காது, அவர் கவனித்திருக்கவும் மாட்டார். மற்றொன்று, அவர் அந்த இரண்டு எழுத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வேண்டுமென்றே மாற்றினார். எனக்கே தெரியாத இடம் என்று சொன்னாரே, அந்த இடத்தை ஏற்றுக்கொண்டார். அல்லது, ஒரு சின்னப் பையன் ஊரறிய எழுதிவிட்டான், அவனுக்கு அவமானம் வேண்டாம் என்று தன் வரியை விட்டுக்கொடுத்தார். அவர் சுபாவத்துக்கு அது நடக்கக்கூடியதுதான். இந்தக் கடைசி விளக்கம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

எந்தச் சோதனையாலும் இதைத் தீர்க்க முடியாது. குறி என்ன, எழுத்துரு என்ன, தேதி என்ன என்பதுவரை சூழல் சொல்லும். கை எதற்காக நகர்ந்தது என்று சொல்லாது.

ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சீவக சிந்தாமணியை 1887-இலும் புறநானூற்றை 1894-இலும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகப் போய்ப் பிரதிகளைத் தேடி ஒப்பிட்டதை நாமெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்தே புகழ்ந்துவருகிறோம். அந்தச் சிரத்தை பழைய இலக்கியத்துக்கு உரியது, நவீனக் கவிதைக்கு நுண்ணுணர்வு போதும் என்று நாம் எப்படியோ நினைத்துக்கொண்டோம். புரியாமை நவீனக் கவிதையின் குணம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, பிழையையும் புரியாமையையும் பிரித்தறியும் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. 1968-இல் சேலத்திலிருந்து 'நடை'யைத் தொடங்கிய சி. மணி புதுக்கவிதைக்காரர், யாப்பை உட்கார்ந்து படித்தவரும்கூட. அவர் இருந்த ஊரிலிருந்து வருகிற எனக்கு ஓர் எழுத்துருவின் அட்டவணையைப் பார்க்கத் தோன்றவில்லை.

தொகுப்பில் 2013-இன் வரியை மூலமாக வைத்திருக்கிறேன், அவர் அடித்தபடி ஆங்கில எழுத்திலேயே. கீழே சின்ன எழுத்தில், 2016 பிரதியில் 'மப' என்று இருக்கிறது என்றும், அது எப்படி வந்திருக்கலாம் என்றும் குறிப்பு. அந்தக் குறிப்பில் என் பழைய கட்டுரையின் பெயரும் பிழையான வாசிப்பாக வருகிறது. அவர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டையும் போட்டிருக்கீங்கல்ல, அது போதுங்க தம்பி" என்றார்.

அந்தச் சூழல் என் மடிக்கணினியில் இன்னும் இருக்கிறது. வேலை முடிந்தபின் அழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இப்போது, வேறொரு நண்பரின் கோப்புகள் ராசிபுரத்திலிருந்து வந்திருக்கின்றன. அவர் உயிரோடு இருக்கிறார். சந்தேகம் வரும் இடங்களை ஒரு தாளில் குறித்துவைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவரிடம் நேரிலேயே கேட்டுவிட உத்தேசம்.